லெவல் 13, சாவோ பாவ்லோ பயணம்: 15 மணி நேரமும் எகானமிதானா?

தரமணி_ஆய்வாளர்:
வணக்கம். மத்திய அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை, பே லெவல் (ஊதியப் படிநிலை) 13. இரண்டு மாதம் கழித்து சாவோ பாவ்லோவில் ஒரு கூட்டம். சென்னையிலிருந்து துபாய்க்கு நாலு மணி நேரம், அங்கிருந்து ஏறக்குறைய 15 மணி நேரம் ஒரே பறத்தல். வயது 55, போன வருடம்தான் முட்டியில் ஆபரேஷன் ஆனது. இறங்கிய மறுநாள் காலையே கூட்டம். லெவல் 14-க்குக் கீழே பிசினஸ் கிளாஸ் கிடையாது என்று நிர்வாகப் பிரிவில் பைலைத் திருப்பிவிட்டார்கள். பயண நேரத்தைப் பார்த்துத் தளர்த்த வழி உண்டா? வித்தியாசத் தொகையை நானே கட்டலாமா?

கணக்குப்பிரிவு_ஓய்வு:
சார், பயணப்படி பில்களோடுதான் என் சர்வீஸ் முழுக்கப் போனது. உங்கள் அலுவலகம் சொன்னது சரிதான். நிதி அமைச்சகத்தின் 13.07.2017 உத்தரவுப்படி வெளிநாட்டுப் பயணத்துக்கு லெவல் 17-க்கும் மேலும் ஃபர்ஸ்ட் கிளாஸ், 14 முதல் 16 வரை பிசினஸ், 13-க்கும் கீழும் எகானமி. எத்தனை மணி நேரம் என்ற கேள்வியே அந்த அட்டவணையில் இல்லை.

எனக்கு இதில் ரொம்ப நாளாக வருத்தம் உண்டு. உள்நாட்டிலும் லெவல் 14-க்கு பிசினஸ் உண்டு. டெல்லிக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாத பயணத்துக்கு ஒருவருக்கு அகலமான இருக்கை, ஒரு படி கீழே இருப்பவர் பாதி உலகம் தாண்டப் போனாலும் முழங்காலை மடக்கியே உட்கார வேண்டும். உடம்புக்கு பே லெவல் தெரியாது.

சரி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பிசினஸ் கேட்டு மல்லுக்கட்டாதீர்கள், ஒரு நாள் முன்னதாகப் புறப்பட அனுமதி கேளுங்கள். டாக்டர் சான்றிதழை இணைத்து, அந்த ஓய்வு நாள் பயண உத்தரவிலேயே தேதியோடு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அது உத்தரவில் இல்லாவிட்டால் அன்றைய தினப்படியில் ஆடிட் கை வைக்கும்.

டிக்கெட்டை அரசு அங்கீகரித்த பயண முகவர்களான பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி மூன்றில் ஒன்றில்தான் எடுக்க வேண்டும். 2022 ஜூன் உத்தரவு, 21 நாளுக்கு முன்பே எடுக்கச் சொல்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் மூன்று மணி நேரப் பகுதிக்குள் உள்ள விமானங்களில் இருப்பதிலேயே குறைந்த கட்டணம் எதுவோ அதுதான் செல்லும். சொந்தப் பணத்தில் மேல் வகுப்புக்கு மாறுவதாக இருந்தால், எகானமி டிக்கெட்டையே அரசுக் கணக்கில் எடுத்து, மாறுவதற்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். போர்டிங் பாஸில் வேறு வகுப்பு இருந்தால் பில் பிரிவில் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

மேரிலாந்து_மீனா:
நான் அமெரிக்க ஃபெடரல் துறை ஒன்றில் இருக்கிறேன். இங்கே பதவியைப் பார்ப்பதில்லை, மணியைத்தான் பார்க்கிறார்கள். கண்டப்பகுதி அமெரிக்காவுக்கு (அலாஸ்கா, ஹவாய் நீங்கலான மாநிலங்களுக்கு) வெளியே போகும், அல்லது வெளியிலிருந்து வரும் பயணம், விமானம் மாறக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து 14 மணியைத் தாண்டினால் துறை பிசினஸ் அனுமதிக்கலாம். அனுமதிக்கலாம் என்றுதான் இருக்கிறது, உரிமை கிடையாது. வழியிலோ போய்ச் சேர்ந்த இடத்திலோ ஓய்வு எடுத்துக்கொண்டால் பிசினஸ் கிடையாது. இரண்டில் ஒன்றுதான். எங்கள் பிரிவில் பெரும்பாலும் ஓய்வு நாளைத்தான் கொடுக்கிறார்கள், செலவு குறைவு என்று.

தரமணி_ஆய்வாளர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மேடம் சொன்ன 14 மணிக் கணக்கை என் குறிப்பில் எடுத்துக்காட்டினால் பலன் இருக்குமா ஐயா?

கணக்குப்பிரிவு_ஓய்வு:
பைலில் வேண்டாம். வெளிநாட்டு விதியை வைத்து இங்கே யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், பைல் இன்னும் இரண்டு மேசை சுற்றும். ஆனால் உங்கள் சங்கம் ஊதியக்குழுவுக்கு மனு கொடுத்தால் கட்டாயம் இதை எழுதச் சொல்லுங்கள். 12 மணிக்கு மேற்பட்ட பயணத்துக்கு லெவல் பார்க்காமல் பிசினஸ், இல்லையென்றால் முழு ஒரு நாள் ஓய்வு என்று கேட்பதில் தவறே இல்லை.

இப்போதைக்கு நடைபாதை ஓர இருக்கையாகப் பாருங்கள். எந்த முட்டி என்று சொல்லவில்லையே? ஆபரேஷன் ஆன கால் நடைபாதைப் பக்கம் வந்தால்தான் அவ்வப்போது நீட்ட முடியும். அழுத்தக் காலுறை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். துபாயில் காத்திருக்கும் நேரத்தில் உட்காராமல் நடங்கள். அப்புறம், திரும்பி வந்த 60 நாளுக்குள் பயணப்படி பில்லைக் கொடுத்துவிட வேண்டும். முன்பு ஒரு வருடம் இருந்தது, 2018-இல் குறைத்துவிட்டார்கள்.

தரமணி_ஆய்வாளர்:
இடது முட்டி ஐயா. திங்கட்கிழமை ஓய்வு நாளுக்குக் குறிப்பு போடுகிறேன், பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.