ஒத்தைப் பீஸ் சேலை வியாபாரம்: நாள் முழுக்க போனிலேயே போகுது, நேரத்தை எப்படி மிச்சம் பிடிக்கிறது?

வைகைக்கரை:
மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடி, செட்டிநாடு காட்டன் விற்பனை. எல்லாம் ஒத்தைப் பீஸ். ஒண்ணு போனா அதே மாதிரி இன்னொண்ணு இருக்காது. இன்ஸ்டாகிராம்ல தினம் படம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், நடுவுல கொஞ்சம் விளம்பரம். ஆள் ஒருத்திதான். "விலை என்ன", "இருக்கா", "சாயம் போகுமா"ன்னு பதில் சொல்லியே ராத்திரி ஆயிடுது, பார்சல் கட்ட நேரமில்ல. இந்த ஆன்லைன் வேலையை ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள அடக்க முடியுமா? கூகுள் மேப்லயும் போடுன்னு சொல்றாங்க, அது தேவையா?

நூல்பாவு:
முடியும். ஆனா போஸ்ட் போடுறதைக் குறைச்சு அந்த நேரத்தை எடுக்க முடியாது. உங்க நேரத்தைத் தின்கிறது கேள்விகள். அதை முதல்ல அடைங்க.

"விலைக்கு இன்பாக்ஸ் வாங்க"ன்னு போடுற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க. கமென்ட் கூடும், வியாபாரம் கூடாது. விலையையும் கூரியர் செலவையும் படத்திலேயே எழுதிட்டா, கட்டுப்படியாகாதவங்க கேக்காமலே போயிடுவாங்க.

அடுத்தது நம்பர். ஒவ்வொரு சேலைக்கும் சு-041, செ-017 மாதிரி ஒரு குறி. துண்டுச் சீட்டுல எழுதி மடிப்புல குத்துங்க. படத்து மூலையிலும், வாட்ஸ்அப் பிசினஸ் (வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப்) கேட்டலாக்லயும், அதாவது பொருள் பட்டியல்லயும், கணக்கு ஷீட்லயும் அதே குறி. இது இல்லேன்னா "நேத்து போட்டீங்களே அந்த மாம்பழக் கலர்"ன்னு ஆரம்பிப்பாங்க. உங்ககிட்ட மாம்பழக் கலர்ல நாலு இருக்கும். நாலு படம் அனுப்பி, அவங்க ஒண்ணை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பி, அதுக்குள்ள அது வித்திருக்கும்.

வாட்ஸ்அப் பிசினஸ்ல 'குவிக் ரிப்ளை', அதாவது முன்கூட்டி எழுதி வச்ச பதில், 50 வரைக்கும் வைக்கலாம். சாய்கோடு போட்டுக் குறுஞ்சொல்லை அடிச்சா முழுப் பதிலும் வந்துடும். உங்களுக்கு அஞ்சு போதும்: அளவு, சாயம், கூரியர், பணம், கை. "அளவு"ல சேலை எத்தனை மீட்டர், பிளவுஸ் துணி உண்டா இல்லையா. "சாயம்"ல முதல் ரெண்டு மூணு தடவை கல் உப்பு போட்ட பச்சைத் தண்ணியில தனியா அலசணும், ஊற வைக்கக்கூடாது, நிழல்ல காயப்போடணும். "கை"ல இது கையால முடிச்சுக் கட்டின சுங்குடியா, பிரிண்டான்னு ஒளிக்காம சொல்லிடுங்க. அதுலதான் பின்னால சண்டை வரும்.

வரவேற்புச் செய்தி முதல் தடவை எழுதுறவங்களுக்கும், 14 நாள் பேச்சில்லாம இருந்து திரும்பி வர்றவங்களுக்கும் மட்டும்தான் போகும். அதுல கேட்டலாக் லிங்க்கையும் பதில் சொல்ற நேரத்தையும் போடுங்க. நீங்க இல்லாத நேரத்துக்கு, தானாப் போற 'அவே மெசேஜ்'ல நேரம் குறிச்சு வச்சுக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
நூல்பாவு சொன்னதோட "யாருக்கு எடுத்து வைக்கிறது" விதியையும் சேர்த்துக்கோங்க. ஒத்தைப் பீஸ் வியாபாரத்துல பாதி நேரம் போறது "எடுத்து வைங்க, சாயங்காலம் பணம் போடுறேன்"ல. பணம் வந்தாதான் புக்கிங், அதிகபட்சம் ஒரு மணி நேரம் காத்திருப்போம்னு பணம் கேக்குற பதில்லயே எழுதிடுங்க. பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சல் கட்டாதீங்க, போலி நிறைய வருது. வங்கிக் கணக்குல வரவு தெரிஞ்ச பிறகுதான் வாட்ஸ்அப் பிசினஸ்ல அந்தப் பேச்சுக்குப் போட்ட லேபிளை மாத்தணும்.

லேபிள்ல 'பணம் வரணும்', 'பணம் வந்தாச்சு', 'அனுப்பியாச்சு' மூணு போதும். இருபது வரைக்கும் இடம் இருக்கேன்னு எல்லாத்தையும் நிரப்பினா அதை நிர்வாகம் பண்ணவே தனி ஆள் வேணும். கூகுள் ஷீட்ல ஆறு கட்டம்: குறி, வாங்கின விலை, விற்ற விலை, நிலை, வாங்கினவர் போன் கடைசி 4 எண், கூரியர் ட்ராக்கிங் எண். சேலை வித்த உடனே கேட்டலாக்ல அதை மறைச்சிடுங்க. அழிக்க வேண்டாம், பணம் வராம திரும்பினா மறுபடி காட்டிக்கலாம்.

ரெண்டு மணி நேரத்தை மூணாப் பிரிங்க. காலையில அரை மணி: ராத்திரி வந்த கேள்வி. மத்தியானம் அரை மணி: பணம் சரிபார்த்து, கூரியர் ஆள் வர்றதுக்கு முன்னால முகவரிச் சீட்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். பெரும்பாலும் வாங்குறவங்க போனைக் கையில எடுக்கிற நேரம் அதுதான், ஆனா ஊகத்துல விடாம இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸ்ல பின்தொடர்றவங்க எந்த நேரம் இருக்காங்கன்னு பாத்துட்டு நகர்த்திக்கோங்க. நடுவுல நோட்டிஃபிகேஷனை அணைச்சிடணும். அணைக்காம விட்டா இந்த அட்டவணை மூணு நாள்ல செத்துடும்.

நிழல்வெளிச்சம்:
தினம் ஒரு சேலையைப் படம் எடுக்காதீங்க. வாரத்துல ஒரு காலை, ஒரே உட்காரல்ல 12 சேலை. நேர் வெயில் படாத திண்ணையோ ஜன்னலோரமோ, 9 மணியிலிருந்து 11க்குள்ள. டியூப் லைட்டையும் பகல் வெளிச்சத்தையும் கலக்கவே கூடாது; அரக்கு சிவப்பாத் தெரியும், மயில் கழுத்து நிறம் வெறும் நீலமா மாறிடும். சேலையை விரிச்ச பிறகு திரையில நீளமா அழுத்தி ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிட்டு எடுங்க. இல்லேன்னா முந்தானைக்கு ஒரு கலர், உடம்புக்கு ஒரு கலர்னு போன் தானா மாத்திக்கும். ஃபில்டர் வேண்டாம்.

ஒரு சேலைக்கு நாலு படம்: முழு விரிப்பு, முந்தானை, பார்டர் கிட்டத்துல, சுங்குடிப் புள்ளி ரொம்பக் கிட்டத்துல. கையால கட்டின புள்ளி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, கிட்டத்துப் படம் ஒண்ணே பத்து கேள்வியை மிச்சம் பண்ணும். கூடவே பத்து விநாடி வீடியோ, துணி விழுகிற விதம் தெரியணும். கலர் மாறிப்போய் ஒரு சேலை திரும்பி வந்தா அதுக்கு ஆகுற பேச்சும் கூரியரும் ஒரு வாரப் படப்பிடிப்பு நேரத்தைத் தின்னுடும்.

எடுத்த படத்தை அன்னைக்கே மெட்டா பிசினஸ் சூட்ல வாரம் முழுக்கத் தேதி போட்டு வச்சிடலாம், இன்ஸ்டாவுக்கும் ஃபேஸ்புக்குக்கும் சேர்த்து. இன்ஸ்டா ஆப்லயே 75 நாள் முன்கூட்டி வைக்கலாம். ஆனா ஒத்தைப் பீஸுக்கு ஒரு வாரத்துக்கு மேல போகாதீங்க, வித்த சேலை போஸ்ட்டா வந்து நிக்கும்.

விளம்பரப்பலகை:
விளம்பரத்துல நேரம் வீணாகுறது தொட்டுத் தொட்டுப் பாக்குறதுலதான். ஒரு விளம்பரக் குழுவை (ஆட் செட்) யாருக்குக் காட்டினா பலன் கிடைக்கும்னு மெட்டா (இன்ஸ்டா, ஃபேஸ்புக், வாட்ஸ்அப் நடத்துற கம்பெனி) கத்துக்க, ஒரு வாரத்துல சுமார் 50 பலன், அதாவது நீங்க குறிக்கோளா வச்ச செயல், கேக்குது. ஆள் வட்டம், படம், குறிக்கோள்னு எதை மாத்தினாலும், பட்ஜெட்டைப் பெருசா ஏத்தினாலும் கணக்கு முதல்லேருந்து. அதனால வாரத்துக்கு ரெண்டு தடவை மட்டும் திறங்க.

ஒத்தைச் சேலைக்கு விளம்பரம் வேண்டாம், அது முதல் நாளே வித்துடும், பிறகு வர்ற கேள்விக்கெல்லாம் "இல்ல"ன்னு சொல்லணும். சேலை வகைக்கு விளம்பரம் போட்டு வாட்ஸ்அப்புக்குக் கொண்டு வாங்க. தினசரி பட்ஜெட்டுக்குப் பதிலா மொத்த பட்ஜெட் (லைஃப்டைம் பட்ஜெட்) முறையை எடுத்தா எந்த மணியிலிருந்து எந்த மணி வரை ஓடணும்னு வைக்கலாம். நீங்க பதில் சொல்ற ராத்திரி நேரத்தை ஒட்டி வைங்க. நடுராத்திரி கேட்டவருக்குக் காலையில பதில் போனா அவர் வேற எங்கயாவது வாங்கியிருப்பார். பட்ஜெட்டுக்கு மேல 18% ஜிஎஸ்டி உண்டு, சேலை விலையில அதையும் சேருங்க.

வைகைக்கரை:
நன்றிங்க. பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்ல பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியா) அனுப்பினா பாதிப் பேருக்குப் போகலையே, ஏன்?

நூல்பாவு:
உங்க நம்பரை அவங்க போன்ல சேமிச்சிருந்தாதான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். ஒரு லிஸ்ட்ல 256 பேர்தான். ஸ்டேட்டஸுக்கு ரெண்டு பக்கமும் சேமிச்சிருக்கணும். பார்சல்ல வைக்கிற சீட்டுல "புதுச் சேலை ஸ்டேட்டஸ்ல பார்க்க இந்த எண்ணைச் சேமிச்சு, 'சேமிச்சாச்சு'ன்னு ஒரு மெசேஜ் போடுங்க"ன்னு எழுதுங்க. மெசேஜ் வந்ததும் நீங்களும் சேமிச்சிடுங்க.

கூகுள் மேப்: வாடிக்கையாளரை நேர்ல பாக்காம முழுக்க ஆன்லைன்ல மட்டும் விக்கிற கடையை கூகுள் ஏத்துக்காது, அதுல மெனக்கெட வேண்டாம். வீட்டுக்கு வந்து பாத்து வாங்குறவங்க இருந்தா மட்டும் போடுங்க. கடை நிஜமா இருக்கான்னு கூகுள் கேக்குற சரிபார்ப்பு வீடியோவுல, பெயர்ப்பலகை இல்லாத வீடுன்னா திணறும். பலகையை முதல்ல மாட்டிட்டு விண்ணப்பிங்க.