குவெஞ்ச் க்ராக் = தோய்ச்சல் வெடிப்பு?

(சூடேத்தின ஸ்டீலை எண்ணெயிலயோ தண்ணியிலயோ முக்கி விறைப்பேத்தும்போது விழுற விரிசல்தான் குவெஞ்ச் க்ராக். அதுக்குத் தமிழ்ப் பேரும் விளக்கமும் தேடி மண்டபம், கீழக்கரை ஊர்க்காரங்க ரெண்டு பேர் எழுதிக்கிட்டது.)

மண்டபத்துலேருந்து:

காக்கா (அண்ணே), குவெஞ்ச் க்ராக்குக்கு நீங்க போட்ட 'குளிர் விரிசல்' ஒத்துவராதுன்னு தோணுது. வெல்டிங்காரங்க கோல்ட் க்ராக்னு ஏற்கெனவே ஒண்ணு சொல்றாங்க, அது பத்தவச்ச இடத்துல ஹைட்ரஜன் புகுந்து அப்புறமா வெடிக்கிறது. நாம பேசுறது பெரிய பல்சக்கரத்தை 850 டிகிரி சுமாருக்கு ஏத்தி எண்ணெயில இறக்கும்போது வர்றது. ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா ஐடிஐ பசங்க குழம்பிருவாங்க.

அதுவுமில்லாம குளிர்ந்து சுருங்குறது மட்டும் இதுக்குக் காரணமில்ல. மேல்பக்கம் முதல்ல மார்ட்டென்சைட்டா, அதாவது சட்டுனு குளிர்ந்த ஸ்டீல் அடையுற ரொம்பக் கடினமான நிலையா, மாறி விறைச்சுக்குது, உள்ள இன்னும் சூடு, பிறகு உள்பக்கம் மாறும்போது அது பெருக்குது, மேல்தோல் நெளிஞ்சு குடுக்காது, பிளந்துருது. சக்கரம் தடிமனாக ஆக உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் கூடும், அதான் பெருசுல இந்தத் தொல்லை ஜாஸ்தி.

பாளை சீவுற அருவா அடிக்கிற பட்டறையில 'தோய்ச்சல் போட்டாச்சா'ன்னுதான் கேப்பாங்க. வாயை மட்டும் தண்ணியில காட்டி எடுத்து, மணல்ல தேய்ச்சு, முதுகுச் சூடு இறங்கி வாய் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் முழுசா முக்குவாங்க. தோய்ச்சலும் பதமும் ஒரே மூச்சுல முடிஞ்சிரும்! பழைய அகராதியிலயும் தோய்ச்சலுக்கு இந்தப் பொருள் இருக்கு. அதனால 'தோய்ச்சல் வெடிப்பு'.

கீழக்கரையிலேருந்து:

தம்பி, தோய்ச்சல் சரி, ஒத்துக்கிறேன். ஆனா வெடிப்புன்னா ரெண்டா உடைஞ்சதுன்னு நெனச்சுக்குவாங்க. வின்ச் (கயிறு இழுக்குற எந்திரம்) கியர்ல கீவே மூலையில, அதாவது தண்டோட சேத்துப் பூட்டுற சாவிக்கு வெட்டுன பள்ளத்தோட மூலையில, மயிரிழையா ஓடியிருக்கும், கண்ணுக்கே தெரியாது, சாயம் தடவித்தான் பாக்கணும். 'தோய்ச்சல் விரிசல்'னு வைங்க.

விளக்கத்துல தடுக்குற வழியையும் சேத்துருங்க. கீவே மூலையும் பல்லோட அடியும் கூரா இருக்கக்கூடாது, ரேடியஸ் குடுத்து வளைவாக்கணும். எடுத்ததும் நேரா முழுச் சூட்டுக்கு ஏத்தாம 650 டிகிரிகிட்ட நிறுத்தி உள்ளவரைக்கும் சூடு பரவவிட்டு மேல ஏத்தணும். எண்ணெயில முக்கிக் கடினப்படுத்துற ஸ்டீலைத் தண்ணியில போடவே கூடாது, எண்ணெய்த் தொட்டிக்குள்ள மழைத்தண்ணி இறங்கியிருந்தாலும் வினைதான், விரிசலோட தீயும் சேந்து வரும். எல்லாத்தையும்விட முக்கியம், எண்ணெயிலேருந்து எடுத்தது கை பொறுக்குற சூட்டுக்கு வந்ததுமே டெம்பரிங் (மிதமா மறுபடி சூடேத்தி விறைப்பைத் தணிக்கிறது) உலைக்குப் போயிரணும். காலையில பாத்துக்கலாம்னு போட்டுட்டுப் போனா ராத்திரி சும்மா கெடக்கும்போதே வெடிக்கும், பாத்தவங்களுக்குத் தெரியும்.

மண்டபத்துலேருந்து:

சரி காக்கா, விரிசலே இருக்கட்டும். டெம்பரிங்குக்கு 'பதமாக்கல்'னு எழுதி வச்சிருக்கேன், வேற தோணுனா சொல்லுங்க.