கமிட்டி வேலையில ஆசிரியர்களுக்கு நிஜமாவே அதிகாரம் இருக்கா, இல்ல நாமெல்லாம் ஒப்புக்குச் சப்பாணியா?

மூணாம்_வருஷம் எழுதியது:

வணக்கம். ஒரு அரசுப் பல்கலைக்கழகத்துல அசிஸ்டென்ட் ப்ரொஃபசரா சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. எதுன்னு சொல்ல மாட்டேன், கோச்சுக்காதீங்க.

இப்ப நாலு கமிட்டில இருக்கேன். பாடத்திட்டம், லைப்ரரி, மாணவர் அப்பீல், வெப்சைட். வெப்சைட் கமிட்டில எப்படி வந்தேன்னு எனக்கே தெரியாது, ஒரு நாள் மெயில்ல பேரு இருந்துச்சு அவ்வளவுதான். சேர்ந்த புதுசுல எங்க ஹெட் "இங்க நம்மள நாமே ஆளுறோம்ப்பா, மேல இருந்து யாரும் வந்து எதும் சொல்ல முடியாது"ன்னு பெருமையா சொன்னார், நானும் நம்பிட்டேன்.

விஷயம் என்னன்னா, பாடத்திட்டக் கமிட்டில ஏழு மாசம் உக்காந்து முதல் வருஷ புள்ளியியல் பேப்பர மாத்தினோம். பசங்க ஃபார்முலா மனப்பாடம் பண்ணி பாஸ் ஆயிடுறாங்க, ஒரு டேட்டா ஃபைல கையில கொடுத்தா முழிக்கிறாங்க, அதனால வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் லேப் சேக்கணும்னு முடிவு. கமிட்டில ஒம்போது பேரு. கடைசி மீட்டிங்குக்கு ஏழு பேர் வந்தோம், ஏழு பேருமே கை தூக்கினோம். மேல போய் திரும்பி வந்தப்ப லேப்பக் காணோம்! ஏன்னு ஒரு வரி கூட இல்ல. மினிட்ஸ, அதாவது மீட்டிங் குறிப்ப, எடுத்துப் பாத்தா "லேப் சேர்ப்பது குறித்து விவாதிக்கப்பட்டது"ன்னு மட்டும் இருக்கு. ஏழு பேர் கை தூக்கினது எங்க போச்சு?

கேள்வி ரெண்டு. இந்த சுயாட்சிங்கிறது எங்கயாவது நிஜமா இருக்கா, இல்ல எல்லா இடத்துலயும் கண்துடைப்புதானா? அப்புறம், இனிமே கமிட்டின்னு கூப்பிட்டா பகைச்சுக்காம எப்படி வேணாம்னு சொல்றது? பேப்பர் எழுத நேரமே இல்ல, ப்ரமோஷனுக்கு அதத்தான பாப்பாங்க.

—

பழைய_செக்ரட்டரி எழுதியது:

தம்பி, பதினெட்டு வருஷம் கமிட்டிகள்ல காலம் தள்ளினவன், அதுல ஆறு வருஷம் செனட் (ஆசிரியர்கள் உக்காந்து பேசற சபை) செக்ரட்டரி. அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்குங்க.

உங்க ரெண்டு கேள்விக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. உங்க கமிட்டிய அமைச்ச ஆர்டர படிச்சிருக்கீங்களா? நூத்துக்கு தொண்ணூறு பேர் படிச்சிருக்க மாட்டாங்க. கமிட்டின்னு ஒரே பேருல மூணு வேற வேற சமாச்சாரம் ஓடுது. ஒண்ணு முடிவே எடுக்கும். இன்னொண்ணு பரிந்துரை பண்ணும், மேல இருக்கறவங்க ஏத்துக்கலாம் தள்ளலாம். மூணாவது சும்மா கருத்து சொல்ற கமிட்டி, கேட்டுக்கிட்டோம்னு ஃபைல்ல போட்டுக்க வசதியா இருக்கும். உள்ள உக்காந்து பாத்தா மூணும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதே அஜெண்டா, அதே வாதம், ஏழு மாசம் கழிச்சுதான் நாம எதுல இருந்தோம்னு புரியும். உங்களுக்கு நடந்தது அதுதான்னு நினைக்கிறேன்.

அடுத்தது மினிட்ஸ். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார்னு சொல்வாங்கள்ல, இங்க பூசாரி மினிட்ஸ் எழுதறவர். "விவாதிக்கப்பட்டது"ன்னா சட்டப்படி ஒண்ணுமே நடக்கலன்னு அர்த்தம். "தீர்மானிக்கப்பட்டது, ஆதரவு 7, எதிர்ப்பு 0"ன்னு இருந்தாதான் அது தீர்மானம். அடுத்த மீட்டிங்ல முதல் ஐட்டமே போன மினிட்ஸ உறுதி செய்யறதுதான், அது வர்றப்ப எல்லாரும் ஃபோன நோண்டிட்டு இருப்பாங்க, நானே நோண்டிருக்கேன். அந்த அரை நிமிஷத்துலதான் நீங்க வாயத் தொறக்கணும். (வார்த்தையில எவ்வளவு இருக்குன்னா, ஒரு தீர்மானத்த "டேபிள்" பண்றதுன்னா பிரிட்டன்ல விவாதத்துக்கு எடுக்கறது, அமெரிக்காவுல தள்ளி வைக்கறது. ரெண்டு ஊர்லயும் வேலை பாத்த ஒருத்தர் எங்க கமிட்டிக்கு வந்து பட்ட பாடு இருக்கே.)

நிஜமா எங்கயாவது இருக்கான்னு கேட்டீங்க. இருக்கு, ஆனா யாரும் தங்கத் தட்டுல வச்சு நீட்டல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல பெஞ்சமின் ஐட் வீலர்னு ஒரு தலைவர், இருபது வருஷம் எல்லாமே அவர் வச்சதுதான் சட்டம். 1919-ல அவர் ஓய்வு பெற்றதும் ஆசிரியர்கள் மொத்தமா கிளம்பிட்டாங்க, 1920-ல நிர்வாகக் குழு விதிய மாத்தி செனட்டுக்கு அதிகாரம் கொடுத்துச்சு. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், கமிட்டிகள்ல யாரு உக்காரணும்னு செனட்டே முடிவு பண்ணலாம்னு வாங்கினாங்க. அதுக்குன்னே ஒரு கமிட்டி, கமிட்டிகளுக்கான கமிட்டி. சிரிப்பா இருக்கும், ஆனா எல்லா அதிகாரமும் அங்கதான் இருக்கு. உங்க பேர வெப்சைட் கமிட்டில போட்டது யாருன்னு கண்டுபிடிங்க, உங்க ஊர்ல யாரு ஆளுறாங்கன்னு தெரிஞ்சிடும்.

லேப்ப எடுத்தது பத்தி ஒண்ணு. 1966-ல அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கமும், நிர்வாகக் குழுக்களோட சங்கமும், கல்விக் கவுன்சிலும் சேர்ந்து உருவாக்கின ஒரு அறிக்கை இருக்கு. பாடத்திட்டம், கற்பிக்கிற முறை, ஆராய்ச்சி, ஆசிரியர் நியமனம் இதுலெல்லாம் முதல் பொறுப்பு ஆசிரியர்களுக்கு, மேல இருக்கறவங்க அத மறுக்கறது அபூர்வமா இருக்கணும், மறுத்தா காரணத்த விவரமா சொல்லணும்னு அதுல இருக்கு. அது சட்டம் இல்ல, உங்களக் கட்டுப்படுத்தாது. ஆனா "ஏன் எடுத்தீங்க"ன்னு சண்டை போடறத விட "எடுத்த காரணத்த எழுத்துல கொடுங்க"ன்னு கேக்கறது வேற மாதிரி வேலை செய்யும். பாதி நேரம் காரணமே இருக்காது, லேப் ரூம் ஒதுக்க சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

—

லேப்_கோட் எழுதியது:

செக்ரட்டரி சார் சொன்னது எல்லாம் சரி, ஆனா ரெண்டாவது கேள்விய அப்படியே விட்டுட்டாரு பாருங்க, வழக்கம்போல. வேணாம்னு எப்படி சொல்றது? அத நான் சொல்றேன்.

கமிட்டி வேலை எல்லாருக்கும் ஒரே மாதிரி விழறதில்ல. 2017-ல லிண்டா பாப்காக், லிசே வெஸ்டர்லண்ட் இவங்கல்லாம் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துல செனட் கமிட்டிகளுக்கு ஆள் வேணும்னு 3,271 ஆசிரியர்களுக்கு மெயில் போன கணக்கு இருக்கு. முன்வந்தவங்க மொத்தமே 3.7 சதவீதம். பெண்கள்ல 7 சதவீதம், ஆண்கள்ல 2.6. அப்புறம் ஆளுங்கள உக்கார வச்சு சோதனை பண்ணிப் பாத்தா, ஆணும் பெண்ணும் கலந்த குழுவுல பெண்கள்தான் அதிகமா கை தூக்கறாங்க, ஆண்கள் மட்டும் இருக்கற குழுவுல அவங்களும் ஒழுங்கா தூக்கறாங்க. அதாவது செய்யத் தெரியாம இல்ல, பக்கத்துல ஒருத்தி இருக்கா செஞ்சுடுவான்னு காத்திருக்காங்க.

எங்க டிபார்ட்மெண்ட் மீட்டிங்ல "யாரு மினிட்ஸ் எடுக்கறீங்க"ன்னு கேட்டதும் எல்லாரும் மேஜைய பாப்பாங்க, ஒருத்தர் பேனா மூடிய தொறந்து மூடுவார், ஒருத்தருக்கு திடீர்னு இருமல் வரும். பத்து செகண்ட் தாங்க மாட்டாம நான்தான் "சரி நான் எடுக்கறேன்"ம்பேன். நாலு வருஷம் எடுத்தேன். அஞ்சாவது வருஷம் ஒரு நாள் நானும் மேஜைய பாத்தேன். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல, ஒரு யுகம் மாதிரி இருந்துச்சு, கடைசில ஹெட்டே பேப்பர இழுத்து எழுத ஆரம்பிச்சாரு. இப்ப சுழற்சி முறை, பேர் வரிசைப்படி. வேற ஒண்ணும் பண்ணல நான், சும்மா இருந்தேன்.

அதனால தம்பி, வேணாம்னு சொல்லாதீங்க, "இந்த செமஸ்டர் எனக்கு நாலு இருக்கு, இத எடுத்தா எத விடணும்னு நீங்களே சொல்லுங்க"ன்னு மெயில்ல கேளுங்க, வாய்ல கேக்காதீங்க. பாடத்திட்டக் கமிட்டிய மட்டும் விட்றாதீங்க, வெப்சைட்ட யாருக்காவது தள்ளி விடுங்க.

—

கோரம்_இல்ல எழுதியது:

ரெண்டு பேரும் ரொம்ப நம்பிக்கையா பேசறீங்க, நான் ஒரு குடம் தண்ணி ஊத்தறேன்.

அமெரிக்கா அமெரிக்கான்னு சொல்றீங்களே, 1984-லயே அங்க உச்ச நீதிமன்றம் மினசோட்டா வழக்குல சொல்லிடுச்சு, அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் சொல்றத நிர்வாகம் காது கொடுத்துக் கேக்கணும்னு அரசியல் சட்டத்துல எந்த உரிமையும் இல்லன்னு. கேக்கறது வழக்கம், பண்பாடு, நல்லது, எல்லாம் சரி, உரிமை இல்ல. 2025-ல டெக்ஸஸ்ல எஸ்.பி. 37-ன்னு சட்டமே போட்டாங்க, இனிமே செனட் இருக்கலாமா வேணாமான்னே நிர்வாகக் குழுதான் முடிவு பண்ணும், இருந்தாலும் ஆலோசனை சொல்ல மட்டும்தான், செனட்டுக்குத் தலைவர் யாருன்னு பல்கலைக்கழகத் தலைவரே நியமிப்பார். அவ்வளவு வருஷம் கட்டினது ஒரு கையெழுத்துல போச்சு. கொடுத்தவன் எடுத்துக்குவான் சார்.

இன்னொண்ணு, ஆசிரியர்கள் ஆண்டா மட்டும் தேனும் பாலும் ஓடுமா? எங்க ஊர்ல ஒரு புது பேப்பர் ரெண்டு வருஷம் நின்னுச்சு, காரணம் நிர்வாகம் இல்ல, பழைய பேப்பர் எடுக்கற ரெண்டு சீனியர்களுக்கு வகுப்பு குறைஞ்சிடுமாம். தரம் தரம்னு பேசினாங்க, விஷயம் அவங்க டைம்டேபிள். அந்தக் காலத்துல பொலோன்யாவுல மாணவர்கள்தான் பல்கலைக்கழகம் நடத்தினாங்களாம், லேட்டா வந்த வாத்தியாருக்கு அபராதம் போட்டாங்க. அத திரும்பக் கொண்டு வந்தா எங்க கமிட்டில பாதி பேரு கடனாளி.

—

பழைய_செக்ரட்டரி எழுதியது:

கோரம்_இல்ல, பேருக்கேத்த மாதிரிதான் பேசறீங்க :) டெக்ஸஸ் விஷயம் உண்மைதான், மறுக்கல. ஆனா எல்லா நாட்டுலயும் அதே கதை இல்ல. ஜெர்மனில 1973-ல அரசியல் சட்ட நீதிமன்றம் நேர் எதிரா சொல்லுச்சு. மாணவர், அலுவலர், உதவியாளர் எல்லாரும் குழுக்கள்ல உக்காரலாம், ஆனா ஆராய்ச்சியும் பேராசிரியர் நியமனமும் வர்றப்ப பேராசிரியர்களோட ஓட்டுதான் தீர்மானிக்கற அளவுக்கு இருக்கணும்னு. அது வெறும் வழக்கம் இல்ல, அறிவியல் சுதந்திரம்ங்கிற அடிப்படை உரிமையிலேர்ந்து எடுத்தது. ஜூனியர்களுக்கு அது நல்லதான்னு கேட்டா அது வேற சண்டை, தம்பி மாதிரி ஆளுங்க அங்க இருந்திருந்தா தீர்ப்ப திட்டியிருப்பாங்க.

ஆக்ஸ்ஃபோர்டயும் பாருங்க. 2006-ல துணைவேந்தர் ஜான் ஹூட், வெளியாட்கள் பெரும்பான்மையா இருக்கற நிர்வாகக் குழு வேணும்னு கொண்டு வந்தார். அங்க ஆசிரியர்கள் எல்லாரும் உறுப்பினரா இருக்கற சபை ஒண்ணு இருக்கு, அதுல தோத்துச்சு, தபால் ஓட்டுக்குப் போனா அங்கயும் 1,540-க்கு 997-ன்னு தோத்துச்சு. ஆனா ஒண்ணு கவனிங்க, ஜெயிச்ச பக்கத்துல அத்தனை பேர் கவர தொறந்து படிச்சு ஓட்டுப் போட்டு திருப்பி அனுப்பியிருக்காங்க. எங்க செனட்ல கோரத்துக்கு (மீட்டிங் செல்லுபடியாக வேண்டிய குறைஞ்சபட்ச ஆள் கணக்கு) ரெண்டு பேர் குறைஞ்சு நான் காரிடார்ல போய் ஆள் புடிச்சிருக்கேன், ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட்டுட்டு பாத்ரூம் போறேன்னு போனவர் திரும்பவே இல்ல. இத நிர்வாகம் பண்ணல.

சீனியர்கள் புது பேப்பர நிறுத்தினதுக்கு பதில் என்கிட்ட இல்ல. நடக்குது.

—

மூணாம்_வருஷம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செக்ரட்டரி சார் சொன்ன ஆர்டர தேடினேன், ஆபீஸ்ல மூணு பேர்கிட்ட கேட்டு, கடைசில ஒரு பழைய ஃபைல்ல இருந்துச்சு. நான் நினைச்ச மாதிரி "கருத்து சொல்ற" கமிட்டி இல்ல சார்! "பாடத்திட்டத்தை இறுதி செய்து பரிந்துரைக்கும், மாற்றம் தேவைப்படின் குழுவுக்கே திருப்பி அனுப்பப்படும்"ன்னு இருக்கு. அதாவது லேப்ப அவங்களா எடுத்திருக்கக் கூடாது, எங்களுக்குத் திருப்பி அனுப்பிருக்கணும். எங்க ஹெட்டுக்குக் காட்டினேன், ரெண்டு தடவ படிச்சுட்டு "இது இன்னும் அமல்ல இருக்கா?"ன்னு என்னையே கேக்கறாரு.

வியாழக்கிழமை மீட்டிங். மினிட்ஸ்ல "விவாதிக்கப்பட்டது"ங்கிறத திருத்தச் சொல்லி மெயில் போட்டிருக்கேன், கூட கை தூக்கின ஆறு பேருக்கும் காப்பி. நாலு பேர் சரின்னு பதில் போட்டாங்க, ஒருத்தர் தம்ஸ் அப் மட்டும், ஒருத்தர் சத்தமே இல்ல. லேப்_கோட் மேடம், வெப்சைட் கமிட்டிக்கு நீங்க சொன்ன மாதிரியே மெயில் போட்டேன், அதுக்கு இன்னும் பதில் இல்ல.

ஒரு சந்தேகம், திருத்தத்த ஏத்துக்கலன்னா என்ன பண்றது?

—

பழைய_செக்ரட்டரி எழுதியது:

உங்க ஆட்சேபணைய அன்னைக்கு மினிட்ஸ்லயே பதிவு பண்ணச் சொல்லுங்க, அதையும் மறுத்தா நாலு வரில எதிர்க்குறிப்பு எழுதி, தேதி போட்டு, அந்த ஆர்டரோட நகல சேத்து தலைவர்கிட்ட கொடுத்துட்டு, வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து வாங்கிக்குங்க. கோபமா ஒரு வார்த்தை எழுதாதீங்க. அப்புறம் ஒம்போதுல அஞ்சு பேர் வந்தாதான் கோரம்னு விதி இருந்துச்சுன்னா புதன்கிழமை சாயங்காலமே ஒவ்வொருத்தருக்கும் ஃபோன் பண்ணிடுங்க, தம்ஸ் அப் போட்டவருக்கு முதல்ல.