பதில்: நம் காலநிலை நீதிக் கையேட்டில் எஃப்.பி.ஐ.சி.க்கு (Free, Prior and Informed Consent: தொல்குடிகளின் நிலத்தைத் தொடும் திட்டத்துக்கு முன்பே அவர்களிடம் பெற வேண்டிய சம்மதம்) தமிழில் என்ன சொல்?

> “தன்னிச்சையான, முன்கூட்டிய, தகவலறிந்த சம்மதம்” என்றே போட்டுவிடுவோம். நாலு ஆங்கிலச் சொல்லுக்கு நாலு தமிழ்ச் சொல், பிரச்சினை முடிந்தது.

முடியவில்லை அண்ணை. “தன்னிச்சையான கைது” என்று பத்திரிகையில் எத்தனை தரம் வாசித்திருப்போம்? அதிகாரி நினைத்தபடி ஆடுவதற்குப் பெயராகிவிட்ட சொல்லை, மிரட்டலுக்குப் பணியாமல் மக்கள் தரும் ஒப்புதலுக்கு வைத்தால் யாழ்ப்பாணத்து வாசகருக்குப் பொருள் தலைகீழாகப் போகும். “முன் அனுமதி”யும் வேண்டாம். அனுமதி கந்தோரில் கேட்டு வாங்குவது; இங்கே கேட்க வேண்டியது அரசு.

எனக்குப் பெரிய குறை வேறு. சத்திரசிகிச்சைக்கு முன் நாம் கையெழுத்திடும் சம்மதம் தனியாள் தருவது. 2007ஆம் ஆண்டின் ஐ.நா. தொல்குடிகள் உரிமைப் பிரகடனம் (இலங்கையும் ஆதரித்து வாக்களித்தது) 32ஆம் உறுப்புரையில் சொல்வது அதுவல்ல. அவர்களின் நிலத்தைத் தொடும் திட்டத்தை அங்கீகரிக்கும் முன், அந்த மக்களின் சொந்தப் பிரதிநிதித்துவ அமைப்புகள் வழியாக இசைவு பெற அரசு நல்லெண்ணத்துடன் கலந்துபேச வேண்டும் என்கிறது. நாலு பேரைத் தனித்தனியாகப் பிடித்துக் கையெழுத்து வாங்கினால் கணக்கில்லை.

அந்தக் கையேட்டில் இதற்கு ஏன் இவ்வளவு மினக்கெட வேண்டும் என்று கேட்டவருக்கு: நோர்வேயின் ஃபோசனில், அந்நாட்டுத் தொல்குடிகளான சாமி மக்கள் (கோயில் சாமி இல்லை) கலைமான் மேய்க்கும் நிலத்தில் காற்றாலைகள் நட்டார்கள். பசுமை மின்சாரம்தான், நல்ல காரியம்தான். ஆனால் அந்த உரிமங்கள் அவர்களின் பண்பாட்டு உரிமையை மீறுகின்றன, ஆகவே செல்லாது என்று 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே இலங்கையிலும் 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா வந்தபோது நம் தொல்குடிகளான வேடர்களின் வேட்டைக் காடு பூங்காவுக்குள் போனது, பலரை வெளியே குடியேற்றினார்கள். காட்டைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அதையும் செய்தார்கள்.

ஆகவே, தருபவர் யார் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். என் முன்மொழிவு குடியிசைவு. எதிர்ச்சொல் குடிமறுப்பு. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத இடத்தில் இசைவைப் பற்றிக் கதைத்துப் பயனில்லை, இரண்டையும் சேர்த்தே கையேட்டில் போடுவோம். குடி என்றதும் தவறணை ஞாபகம் வரும் என்று யாராவது கட்டாயம் எழுதுவீர்கள். குடியுரிமை, குடியேற்றம் எல்லாம் அந்தப் பக்கம் போகவில்லைதானே!

—

இதற்கு இன்னொருவரின் பதில்:

> என் முன்மொழிவு குடியிசைவு.

ஓம், “குடி” சரி. ஆனால் “முன்” எங்கே? ஃபோசன் தீர்ப்பு வந்தபோது காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன, தீர்ப்புக்குப் பிறகும் நிற்கவில்லை. கட்டி முடித்த பிறகு வாங்கும் ஒப்பத்தையும் குடியிசைவு என்று ஒரு கொம்பனி எழுதிவிடலாம். குடி முன்னிசைவு என்று வைப்போம், கொஞ்சம் நீளம், பரவாயில்லை. மிரட்டல் இல்லாமல், முழு விவரமும் தெரிந்து என்ற மற்ற இரண்டும் வரைவிலக்கணத்தில் வரட்டும். குடிமறுப்பு அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று, மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரைப் பக்கம் தமிழ் பேசும் வேடர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கூட்டத்தில் வாசித்துக் காட்டிய பிறகு அச்சுக்குக் கொடுப்போம். மாதக் கடைசி வரை பொறுக்கலாமா?