செங்கல் சுவரில் துளை போடாமல் திரை மாட்ட முடியுமா?

கேள்வி:
கோவையில் வாடகை வீடு. ஹால் சுவர் பூசாத செங்கல், டிரில் போடவே கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேற்கு வெயில் நேராக உள்ளே அடிக்கிறது, சாயங்காலம் உட்கார முடியவில்லை. ஒட்டும் கொக்கி தாங்குமா?

பதில் 1:
தாங்காதுங்க. செங்கல் மேலே தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும், பசை அந்தத் தூளைத்தான் பிடிக்கும். ஜன்னல் சுவருக்குள் உள்வாங்கி இருந்தால் ஸ்பிரிங் ராடு வாங்குங்கள், திருகினால் நீண்டு இரண்டு பக்கமும் அழுத்தி நிற்கும். முனையில் ரப்பர் இருக்கட்டும். துணி மட்டும் கனமாக வேண்டாம், நடுவில் தொய்ந்துவிடும்.

பதில் 2:
செங்கல்லைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பும் உண்டு. ஆனால் இடையில் உள்ள சிமென்ட் கலவை கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும், சமமாகப் பூசியிருந்தால் பிடிக்காது. அப்புறம், பல கிளிப்கள் இரண்டேகால் அங்குல உயரமுள்ள அமெரிக்கச் செங்கலுக்குச் செய்தவை. நம்ம ஊர் செங்கல் பெரும்பாலும் 3 அங்குல உயரம் வரும், அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பதில் 3:
ஜன்னல் சட்டம் மரமா? அப்படியென்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மேல்கட்டையில் சின்னத் திருகு கொக்கி இரண்டு மாட்டி கர்ட்டன் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுங்கள். சுவரைத் தொடவே வேண்டாம்.