ஸ்டாண்டப் 40 நிமிடம் ஓடினால் அது அஜைலா?

கரிசல்:
எங்கள் மென்பொருள் டீமில் 14 பேர். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டாண்டப், அதாவது நின்றபடியே நடத்தும் குறுங்கூட்டம். மேனேஜர் வேலைப் பட்டியல் வைத்திருக்கும் ஜிரா மென்பொருளைத் திரையில் போட்டு, ஒவ்வொரு டிக்கெட்டாக (ஒரு வேலைக்கு ஒரு டிக்கெட்) "இது ஏன் இன்னும் முடியல?" என்று கேட்பார். கால் கடுக்க 40 நிமிடம். போன ஸ்பிரிண்டில் (சில வார வேலைச் சுற்று) 32 பாயின்ட் (வேலையின் அளவுக்குப் போடும் எண்) முடித்தோம், இந்தமுறை 40 வேண்டுமாம். சிறு சிறு சுற்றுகளாக, மாற்றத்துக்கு இடம்கொடுத்து மென்பொருள் செய்யும் முறையாம் அஜைல். என்னைக் கேட்டால் சாட்டைக்கு வைத்த புதுப் பெயர். மறுப்பவர்கள் வரலாம்.

பிழைதிருத்தி:
மறுக்கிறேன். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையில் ஸ்டாண்டப், பாயின்ட், ஸ்பிரிண்ட் எதுவுமே கிடையாது. அதன் முதல் மதிப்பீடே, செயல்முறையையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்கள் பேசிப் பழகுவதும் பெரிது என்கிறது. உங்கள் மேனேஜர் ஜிராவோடுதான் பேசுகிறார்! அஜைல் வழிமுறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் வழிகாட்டி தினசரிக் கூட்டத்துக்குத் தருவது 15 நிமிடம். அதுவும் டெவலப்பர்கள் தங்கள் வேலையைத் தாங்களே திட்டமிட்டுக்கொள்ள. மேலே கணக்கு ஒப்பிக்க இல்லை.

பழைய சி++காரன்:
நன்றாக நடந்தால் அஜைல், சொதப்பினால் மேனேஜர். நல்ல கதை சார். அஜைல் மாற்றத்தை வரவேற்கச் சொல்கிறதே, காசு யார் தருவது? எங்களுடையது விலை, தேதி இரண்டும் முடிவான ஒப்பந்தம். ரிலீசுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிளையன்ட் லாகினை ஓடிபிக்கு மாற்றச் சொன்னார். கேட்டால் "நீங்க அஜைல்தானே?" இரண்டு ஞாயிறு போச்சு. அப்புறம் ஆவணம். வட்டிக் கணக்கில் பைசாவை ஏன் கீழ்நோக்கி முழுமையாக்குகிறோம் என்று தெரிந்த ஒரே ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். விக்கியில் தலைப்பு மட்டும் இருக்கிறது.

பிழைதிருத்தி:
ஒப்பந்த விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். விலை, தேதி, வேலையின் அளவு மூன்றையும் பூட்டிவிட்டு மாற்றத்தை வரவேற்க முடியாது. ஓடிபி உள்ளே வந்தால் வேறொன்று வெளியே போக வேண்டும். ஆனால் ஆவணம் வேண்டாம் என்று அறிக்கையை எழுதியவர்கள் சொல்லவில்லை. ஓடுகிற மென்பொருளுக்கு முதலிடம், ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று அறிக்கையின் கடைசி வரியில் இருக்கிறது. யாரும் அதுவரை படிப்பதில்லை. உங்கள் ஞாயிறுகளுக்கும் பதில் உண்டு: எவ்வளவு காலமானாலும் தாக்குப்பிடிக்கும் ஒரே சீரான வேகம் வேண்டும் என்பது அந்த அறிக்கையின் 12 கொள்கைகளில் ஒன்று.

கரிசல், பாயின்ட் என்பது டீம் தனக்காகப் போடும் உத்தேசக் கணக்கு. அதை இலக்காக்கினால் 3 பாயின்ட் வேலை 5 ஆகும், 40 தானாக வந்துவிடும்.

கரிசல்:
ஆகும் என்ன, ஆகிவிட்டது. நேற்று ஒரு பட்டனின் நிறத்தை மாற்ற 5 போட்டோம். யாரும் சிரிக்கக்கூட இல்லை.