கார்க்கி பார்க் அட்டையில் இருப்பது அரிவாள் சுத்தியலா, வெறும் எழுத்தா?

தகடுப்பித்தன்: ரஷ்ய ராக் குழு கார்க்கி பார்க்கின் 1989 ஆல்ப அட்டையில் அரிவாள் சுத்தியலே இல்லை, வெறும் ஜி, பி எழுத்துதான் என்று நேற்று ஒரு மேதை எழுதியிருந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஜி வளைந்து அரிவாளாகிறது, பி சுத்தியலாகிறது. குழந்தைக்கும் தெரியும்.

இளவேனில்77: அந்த மேதை நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். மாஸ்கோவில் உள்ள ஒரு பூங்காவின் பெயர், அதன் முதலெழுத்துகள். எல்லாக் குழுவும் செய்வதுதானே?

தகடுப்பித்தன்: அப்படியா? மேடையில் பாலலைக்கா, அதாவது முக்கோண ரஷ்யத் தந்தி வாத்திய வடிவ கிடார் பிடித்ததும் தற்செயலா? அமெரிக்காவில் ரஷ்யச் சரக்கு என்று காட்டி விற்க வேண்டும், அவ்வளவுதான். ஜி அரிவாள், பி சுத்தியல்.

இளவேனில்77: அதே 1989இல் ரஷ்யப் பாடகர் கிரெபென்ஷிகோவின் 'ரேடியோ சைலன்ஸ்' ஆல்பத்தை அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியா வெளியிட்டது. டேவ் ஸ்டூவர்ட் தயாரிப்பு. அதில் அரிவாள் எங்கே?

தகடுப்பித்தன்: அதில் இல்லை, அதனால்தான் போணியாகவில்லை. கார்க்கி பார்க் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 80ஆம் இடம் வரை போனது. சின்னம் வேலை செய்தது ஐயா.

கிடார்குமரன்: சின்னமா? அவர்களுடைய 'பேங்' பாட்டை எம்டிவி போட்டுக்கொண்டே இருந்தது, அமெரிக்க ராக் பாடகர் பான் ஜோவியும் அவர் குழுவின் கிடார்காரர் சம்போராவும் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார்கள். அட்டையைப் பார்த்தா வாங்கினார்கள்? அட்டை என்றால் 1986 'ரெட் வேவ்' பற்றிப் பேசுங்கள். அமெரிக்கப் பாடகி ஜோவானா ஸ்டிங்ரே சோவியத் நகரமான லெனின்கிராடிலிருந்து ஒலிநாடாக்களைக் கடத்திக்கொண்டு போய் அமெரிக்காவில் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு. அக்வாரியம், கினோ, அலிசா, ஸ்த்ரான்னியே இக்ரி என்று நான்கு லெனின்கிராட் குழுக்கள், ஆளுக்கு ஒரு பக்கம். வெளியீட்டுக்கு முழுப் பொறுப்பும் எங்களுடையதே என்று அதிலேயே அச்சடித்தும் வைத்தார், அங்கே அந்தக் குழுக்களின் பையன்கள் அரசிடம் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று. அதற்கு முன்னால் உங்கள் ஜி, பி எல்லாம் பொம்மை வேலை.

தகடுப்பித்தன்: அதன் பெயரிலும் சிவப்புதானே! நன்றி, என் கட்சிக்கே சாட்சி சொல்கிறீர்கள்.

கிடார்குமரன்: பான் ஜோவி திரியிலும் இப்படித்தான் கடைசி வார்த்தை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று குதித்தீர்கள்.

தகடுப்பித்தன்: அங்கே நான் சொன்னது சரி என்பதால் குதித்தேன். இங்கேயும் சரிதான். ஜி வளைவைப் பார்த்தீர்களா இல்லையா, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

இளவேனில்77: பார்த்தேன். வளைந்த ஜி. எல்லா ஜியும் வளைந்துதான் இருக்கும்.

தகடுப்பித்தன்: பியில் சுத்தியல் தலையையும் பார்க்கவில்லை என்பீர்களே. உங்களுக்கு அட்டையைப் பூதக்கண்ணாடியோடு கூரியரில்தான் அனுப்ப வேண்டும்.

சும்மாவந்தவன்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும், யாரிடமாவது 'ரெட் வேவ்' தட்டு விலைக்கு இருக்கிறதா?

கிடார்குமரன்: பித்தனிடம் மட்டும் கேட்காதீர்கள். போன வருஷம் என்னிடம் வாங்கிப்போன கினோ சிடி இன்னும் திரும்பவில்லை.

தகடுப்பித்தன்: அதன் பெட்டி உடைந்துதான் இருந்தது, வாங்கும்போதே சொன்னேன்.

கிடார்குமரன்: பெட்டியையா கேட்டேன்? சிடியைக் கேட்டேன்.